பணிபுரிவோரும் திறந்தநிலைப் பட்டங்களும்: நுழைவு, காலம், ஏற்பு

ஆய்வுச் சுருக்கம்

பணிபுரியும் வயதுவந்தோருக்குப் பட்டக் கல்வியை எட்டச்செய்யும் நோக்குடன் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. ‘திறந்தநிலை’ என்னும் சொல் நுழைவின் நெகிழ்வு, காலத்தின் நெகிழ்வு ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிக்கின்றது. இவற்றுள் காலத்தின் நெகிழ்வே பணிபுரிவோருக்கு நிலையான பயன் தருவது என்பதையும், நுழைவின் நெகிழ்வு பட்டத்தின் சட்ட ஏற்பைப் பொறுத்தே பயன்படும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: திறந்தநிலைக் கல்வி, தொலைநிலைக் கல்வி, மதிப்பலகு, நுழைவுத் தகுதி, பட்ட ஏற்பு.

முன்னுரை

தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அஞ்சல்வழிக் கல்வி, வகுப்பறைப் பாடத்திட்டத்தையும் நுழைவுத் தகுதியையும் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. மாறியது பாடம் சென்றடையும் வழி மட்டுமே. இங்கிலாந்தில் 1969-இல் நிறுவப்பெற்று 1971-இல் கற்பித்தலைத் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நுழைவுத் தகுதியையே தளர்த்தியது. அம்மாதிரியைத் தழுவி இந்தியாவில் 1982-இல் ஐதராபாத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இன்றைய டாக்டர் அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

காலத்தின் நெகிழ்வு

திறந்தநிலைக் கல்வியில் ஒரு மதிப்பலகு என்பது 30 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். பாடநூலைப் படித்தல், ஒப்படைப்பு எழுதுதல், நேர்முக வகுப்பில் பங்கேற்றல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்னர் நடத்திய இளநிலைப் பட்டத் திட்டம் 96 மதிப்பலகுகளைக் கொண்டது. அதாவது, மொத்தம் 2,880 மணி நேரம். இதனை மூன்று ஆண்டுகளில் முடிக்க விரும்புபவர் வாரந்தோறும் 18 மணி நேரத்திற்குமேல் ஒதுக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பெரும அளவான ஆறு ஆண்டுகளில் முடிப்பவருக்கு வாரம் 9 மணி நேரத்திற்குச் சற்று மேல் போதும். முழுநேரப் பணியும் குடும்பப் பொறுப்பும் உடைய ஒருவர் தொடர்ந்து கற்பதும் இடைநிற்பதும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே அமைகின்றன. எனவே, குறைந்தபட்சக் காலத்தையே இயல்பான காலமாகக் கருதிச் சேர்க்கை பெறுவது பொருத்தமன்று.

நுழைவின் நெகிழ்வு

பல்கலைக்கழக மானியக் குழு 1985-இல் தொலைநிலைப் பட்டங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வி பெற்றோர் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது பொதுவிதி. முன் கல்விச் சான்று இல்லாதவர், 21 வயது நிறைந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் சேரலாம் என்பது விலக்கு. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு உழைக்கச் சென்றவர்களுக்கு இவ்விலக்கு ஒரு வாயிலாக அமைந்தது.

ஏற்பின் வரையறை

இவ்விதிமுறைகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. முதல் பட்டம் பெறாமல் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை (அரசாணை எண் 107), பத்தாம் வகுப்பு, மேனிலை வகுப்பு ஆகியவற்றுக்குப் பின்னர்ப் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களையே அரசுப் பணிக்கு ஏற்றது.

ஆகவே, இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். பட்டம் எம்முறையில் கற்பிக்கப்பட்டது என்பது ஒன்று. எவ்வரிசையில் பெறப்பட்டது என்பது மற்றொன்று. மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள், உரிய ஏற்புடைய நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டத்தை நேரடி முறைப் பட்டத்திற்கு நிகராக வைக்கின்றன. இது முதல் வினாவிற்கு மட்டுமே விடையாகும். மேனிலைக் கல்வியின்றிப் பட்டம் பெற்ற ஒருவர், பட்டம் நிகரானது என்னும் அறிவிப்பை நம்பி அரசுப் பணிக்கு விண்ணப்பித்தால், இரண்டாம் வினாவில் தடைபடுவார். பல ஆண்டு உழைப்புக்குப் பின்னரே இத்தடையை அவர் அறிய நேர்வது பேரிழப்பாகும்.

முடிவுரை

திறந்தநிலைக் கல்வியின் வாயில் அகன்றிருப்பினும், அது சென்றுசேரும் இடம் எல்லார்க்கும் ஒன்றன்று. அறிவு வளர்ச்சிக்காகக் கற்பவருக்கு நுழைவின் நெகிழ்வு முழுப்பயன் தரும். அரசுப் பணியையோ பதவி உயர்வையோ நாடுபவர், பட்டத்தில் சேர்வதற்கு முன்பே தனித்தேர்வராக மேனிலைத் தேர்வை எழுதித் தேறுதல் நலம்; பின்னர் எழுதினால் வரிசை பிறழும். கற்போர் உதவி மையங்களில் பணியாற்றும் பேராசிரியர்கள், சேர்க்கையின்போதே கற்பவரின் நோக்கம், முன்தகுதி, வாரந்தோறும் ஒதுக்கக்கூடிய நேரம் ஆகிய மூன்றையும் கேட்டறிந்து வழிகாட்டுதல் இன்றியமையாதது.