காருக்குள்ள தூங்க மெத்தையா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

ரூம் வாடகையை மிச்சம் பண்ண, பின் சீட்டை மடிச்சுப் போட்டு காரிலேயே தூங்கலாம்னு பிளானா? நல்ல ஐடியாதான்.

ஆனா 6,000 ரூபாய்க்கு மெத்தை வாங்கி, வருஷத்துக்கு 4 ராத்திரி மட்டும் படுத்தா, முதல் வருஷம் ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய் ஆகுது. அதுக்கு ரூமே போட்டுடலாம்! வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் விரிக்கிற மெத்தையா இருந்தாதான் லாபம்.

காத்தடிக்கிற மெத்தை விலை கம்மி. ஆனா ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உள்ளே இருக்கும் காத்தும் குளிர்ந்து முதுகு சில்லிடும், மெத்தையும் தளர்ந்துடும். ஃபோம் குளிரைத் தடுக்கும். காரை டேப் வைத்து அளந்து, ஃபோம் கடையில் 3 இன்ச் கனம், 40 டென்சிட்டியில் வெட்டி வாங்குங்க. மூணா மடிக்கிற மாதிரி உறை தைச்சுக்கோங்க. வாங்கும் முன் ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க. இடுப்பு தரையில் இடிச்சா வேண்டாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யா? கிரெடிட் கார்டில் பிராசஸிங் ஃபீஸும், வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் பெரும்பாலும் வரும். மாசம் 500 ரூபாய் சேர்த்தே வாங்கிடலாம்.

கடைசியா ஒண்ணு: ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தா தெரியவே தெரியாது. மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்டுடக் கூடாது!