மலை தெரியும் மனை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இன்று விற்கப்படுவது நிலமல்ல, காட்சி. ஜன்னலைத் திறந்தா மலை தெரியணும், ஜூன் மாசம் சாரல் விழணும். மனையின் விலையில் இவையும் அடக்கம்.

வழியிலுள்ள மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் மலைவளத்தைக் குறத்தியின் வாயில் வைத்தார். அவளுக்கு மலை பிழைப்பு. பின்னர் பங்களா கட்டிய கும்பினி அதிகாரிகளுக்கு அது நல்ல காற்று. இன்றைய மனைவாங்கி இரண்டாமவர்களின் வாரிசு.

2011இல் ஸோஹோ இங்கு அலுவலகம் திறந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் மென்பொருள் சம்பளத்தோடு கிராமத்தில் வாழ்வது என்னும் கனவுக்குக் கீழே வயல் இருக்கிறது. சிற்றாற்றுப் பாசனத்தில் தண்ணீர் வயல் விட்டு வயல் பாயும். நடுவில் ஒரு வயல் மனையாச்சுன்னா மண்ணடிச்சு மேடாக்குவாங்க. வாய்க்கால் அடைபடும், கீழ்வயல் தரிசாகும். ரெண்டு போகம் அப்படிக் கிடந்தா உடைமையாளரே புரோக்கரைத் தேடிப் போவார். அவருக்குப் பணம் வரும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களுக்கு (பெரும்பாலும் தலித்துகள்) என்ன வரும்? நாத்து நட்ட இடத்துலயே பாத்திரம் தேய்க்கப் போகணும். இது இடப்பெயர்வுக் கணக்கில் சேராது. யாரும் ஊரை விட்டுப் போகவில்லையே!

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவை 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம், சாலை அகலம், வில்லங்கச் சான்று எல்லாம் அதில் பேசப்பட்டன. அந்த வயலில் கூலிக்கு நின்றவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.