பூட்டிய செய்தியும் பொதுக் கைபேசியும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மாதந்தோறும் வாங்கி வருவோருக்கு இடைப்பட்ட நாள்களில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் சிறியவை. ஆயினும், தலைச்சுற்றல் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பதற்கே ஒருநாள் கூலியை விட்டுப் பேருந்து ஏற வேண்டுமெனில், கேட்காமல் நிறுத்திவிடுவதே எளிதாகிவிடுகிறது.

இந்த இடைவெளியைக் குறுஞ்செய்தி நிரப்பக்கூடும் என்பது வெறும் ஊகமன்று. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, உணவும் உடலுழைப்பும் பற்றிய செய்திகளை ஈராண்டு பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. அவை ஒருவழிச் செய்திகள். நோயாளி கேட்க மருத்துவர் எழுத்தில் விடையளிப்பதற்கு, 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளிப்படையான இசைவளித்தன. இருவரும் ஒருவரையொருவர் இன்னாரென அறிந்திருப்பதும், உரையாடலின் பதிவை மருத்துவர் காப்பதும், அவசர நிலையில் நோயாளியை நேரில் வரச் சொல்வதும் அவற்றின் நிபந்தனைகள்.

நோய் பற்றிய இவ்வுரையாடல் பிறர் கண்ணில் படாதிருக்கவும் வேண்டும். பாதுகாப்பான செய்தி என்பது பொதுவாக முனைக்கு முனை மறையாக்கத்தைக் குறிக்கும். அதாவது, அனுப்புவோர் கைபேசியில் பூட்டப்படும் செய்தி பெறுவோர் கைபேசியில் மட்டுமே திறக்கும், இடையில் சுமந்து செல்லும் நிறுவனத்தாலும் அதைப் படிக்க இயலாது. சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இப்பூட்டு இல்லை. ஆனால் பூட்டு காப்பது வழியை மட்டுமே. மாமியாரும் மருமகளும் பள்ளிப் பிள்ளையும் ஒரே கைபேசியை எடுக்கும் வீட்டில், கர்ப்பப் பரிசோதனை முடிவோ காசநோய் மருந்தின் பெயரோ திரையின் மேல்விளிம்பில் ஒரு வரியாக மின்னினாலே இரகசியம் போய்விடுகிறது. எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யும் கைபேசி யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, நோயாளி யார் என்பதைக் காட்டாது. ஆகவே எண்ணைப் பதியும்போதே ‘இது யாருடைய போன், வேறு யார் பார்ப்பார்கள்?’ என்று தனியே கேட்டுக் குறித்துக்கொள்வதும், அறிவிப்பில் நோயின் பெயரைத் தவிர்ப்பதும் எந்தச் செயலியையும்விட முதன்மையானவை.

செய்தி உரியவரைச் சேர்ந்தால் மட்டும் போதாது, அவருக்கு விளங்கவும் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற பெண்களில் பலர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு ‘1-0-1’ என்னும் மருந்துச்சீட்டுக் குறி விளங்காது; ‘காலையில் ஒன்று, இராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு’ என்று பெரிய எழுத்தில் வரும் செய்தி விளங்கும்.