பத்து மணிக்கு அணைந்த விளக்கும் உறங்காத மீட்டரும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த பெரியவர்களிடம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு விளக்கு வந்த கதையைக் கேட்டால், பேச்சு மின்சார வாரியத்தில் தொடங்காது, இஞ்சினில் தொடங்கும். ரப்பர் ஆலைக்குப் பக்கத்துக் கொட்டகையில் கிடந்த டீசல் இஞ்சின். பொழுது சாய்ந்ததும் முடுக்குவார்கள். ஒன்பதோ பத்தோ அடித்தால் நிறுத்திவிடுவார்கள். துரை பங்களாவுக்கும் கிராணி வீட்டுக்கும் நேரம் சற்றுத் தாராளம். லயத்தில் வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு, மிஞ்சினால் இரண்டு. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழ வேண்டியவர்களுக்கு அது போதும் என்று நிர்வாகம் நினைத்தது.

இஞ்சின் காலத்து லயத்தில் மீட்டர் கிடையாது. ஆனாலும் எந்த வீட்டில் எவ்வளவு கரண்டு என்பது ரகசியமாக இருந்ததில்லை. யாராவது ஆசைப்பட்டு வாங்கிய மின் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் வரிசை முழுக்க விளக்கு மங்கும். ‘எவன்டா அது?’ என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அது கூரைவரை எட்டாத லயங்களும் இருந்தன. பக்கத்து வீட்டு இருமலும் சண்டையும் இங்கே கேட்கும்போது, விளக்கு மங்கியதற்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1980களில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. வீட்டுக்குள் கால் வைக்காமல், வெளியே மொத்த மின்னோட்டம் ஏறி இறங்குவதை மட்டும் அளந்து, உள்ளே குளிர்பெட்டி ஓடுகிறதா, அடுப்பு எரிகிறதா, துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிறதா என்று பிரித்துச் சொல்லும் முறையை அவர் வகுத்தார். நம் லயத்துக் கிழவிகள் கணக்குப் போடாமல் செய்ததை அவர் கணக்குப் போட்டுச் செய்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன். பாராட்ட வேண்டிய விஷயம் இன்னொன்று. இந்த வித்தை ஆட்களை வேவு பார்க்கவும் பயன்படும் என்று 1989இலேயே கட்டுரை எழுதி எச்சரித்தவரும் அவர்தான்.

தோட்டத்து மக்களுக்கு வேவு புதிதல்ல. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைநாட்டும் பதித்த அடையாள அட்டை வந்தது. வாரண்டு இல்லாமல் வீடு புகுந்து தேடவும் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கவும் அவசரகால விதிகள் இடம் கொடுத்தன. 1949 மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானின் ஜெராம் பாடாங் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் கூட்டி வேலியடைத்தார்கள். இப்படிக் கூட்டி அடைக்கப்பட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

வேலி, வாசல், வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பால் வெட்டப் போகிறவர்கள் மடியிலோ வாளியிலோ அரிசி வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்த்தே வெளியே விட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது நோக்கம். கடையில் தகரத்தில் அடைத்த மீன் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், உடனே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால் வரும் சிலாங்கூர் செமினியில், வாசற் சோதனையில் பெண்களை ஆடை களையச் செய்ததாகப் புகார் வெடித்து, 1956இல் காலனி அரசே விசாரணை நடத்த வேண்டிவந்தது. புதுக்கிராமங்கள் பலவற்றில் மின்விளக்கு முதலில் ஏறிய இடம் வீடல்ல, வேலி. உள்ளே இருப்பவன் படிப்பதற்கு முன், வெளியே நிற்பவன் பார்ப்பதற்காக வெளிச்சம் வந்தது.

இவ்வளவையும் நினைவுபடுத்துவது, அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிடாமல் இருக்கத்தான். வீடு தோட்டத்துடையது, விளக்கு தோட்டத்துடையது, வாசலில் நின்ற துப்பாக்கி அரசாங்கத்துடையது. ஆனால் ஒன்று உண்டு. பார்க்கிறவன் யார் என்று தெரியும். வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளின் முகம் தெரியும், அவனுடைய ஷிப்டு எப்போது மாறும் என்பதும் தெரியும். இஞ்சினை நிறுத்தும் ஆளைக் கல்யாண வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு மணி நேரம் ஓட வைக்க முடியும். அத்துமீறியவனைக் கைகாட்ட முடிந்ததால்தான் செமினி விவகாரம் விசாரணை வரை போனது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1949இல் உருவான மத்திய மின்சார வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியமானது. நம்மவர்கள் வாயில் அது எப்போதும் எல்.எல்.என். 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் என்ற நிறுவனமானது. தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தர வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்திய வீட்டு வசதிச் சட்டமும் 1990ஆம் ஆண்டினதே. ஆனால் முறையான மின்சாரம் வந்து சேர்ந்த நேரத்தில் தோட்டங்களே கரைய ஆரம்பித்திருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செனவாங், ஸ்ரீ செண்டாயான் பக்கம் செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்தன. லயத்துப் பிள்ளைகள் அந்த வீடுகளில் வங்கிக் கடனோடு குடியேறினார்கள். சுவர் செங்கல், கூரைவரை எட்டுகிறது. பக்கத்து வீட்டு இருமல் கேட்பதில்லை.

வாசல் தூணில் இப்போது ஸ்மார்ட் மீட்டர். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துத் தானே அனுப்பும். கைப்பேசிச் செயலியில் நாள் கணக்கைப் பார்க்கலாம். 2025 ஜூலையிலிருந்து, விரும்புகிற வீடுகளுக்கு நேரத்துக்கேற்ற கட்டணமும் உண்டு: வேலை நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை கூடுதல், மற்ற நேரம் மலிவு. அந்தக் காலத்தில் பத்து மணிக்கு இஞ்சின் நிற்கும். இந்தக் காலத்தில் பத்து மணிக்கு விலை இறங்கும். துணி துவைக்கக் காத்திருக்கிறார்கள். எனக்கு இதில் குறை இல்லை. கோவிட் முடக்கத்தின்போது மீட்டர் படிக்க ஆள் வராமல், மதிப்பீட்டில் பில் போட்டு, பின்பு ஒரே அடியாக வந்த தொகையைப் பார்த்து நாடே கூச்சல் போட்டது மறந்திருக்காது. துல்லியமான கணக்கு வாடிக்கையாளருக்கும் நல்லது.

கேள்வி, அந்த அரைமணிக் கணக்கு வேறு யாருக்கெல்லாம் நல்லது என்பதில் இருக்கிறது. ஒரு வீட்டின் 48 எண்களை நாள்தோறும் வரிசையாக வைத்தால், எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது வீடு காலி, யார் இரவு வேலைக்குப் போகிறார், நள்ளிரவில் விருந்தாளி வந்தாரா என்று ஓரளவு ஊகித்துவிடலாம். இதற்காகத்தான் நெதர்லாந்தின் மேலவை 2009இல் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவைத் தடுத்தது.

மலேசியாவில் இந்தக் கண்காணிப்புக்குச் சொல்லப்படும் காரணம் வலுவானது. பிட்காயின் எடுக்கும் இயந்திரங்கள். 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை இவ்வகை மின்திருட்டில் ஏறத்தாழ 460 கோடி ரிங்கிட் போனதாகவும், 13,827 இடங்கள் சிக்கியதாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆளில்லாக் கடைவீடுகளையும் பூட்டிய வீடுகளையும் வாடகைக்கு எடுத்து, மீட்டருக்கு முன்பே கம்பியை இழுத்துவிடுவார்கள். ஆட்கள் ஓடிய பிறகு பில் வருவது வீட்டுக்காரருக்கு. வாழ்நாள் சேமிப்பில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டவருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. திருடர்களைப் பிடிக்கத்தான் வேண்டும்.

பிடிக்க என்ன செய்கிறார்கள்? வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய டிரோன்கள் கூரைகளுக்கு மேல் பறக்கின்றன. சந்தேகத்துக்குரிய இடங்களின் உரிமையாளர், வாடகைக்காரர் விவரங்கள் அடங்கிய பட்டியல் ஒன்று தொகுக்கப்பட்டிருக்கிறது. கவனியுங்கள், சந்தேகத்துக்குரிய இடங்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் எப்படி இறங்குவது என்பதுதான் என் கவலை.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெனாகாவைக் கட்டுப்படுத்தும். ஆனால் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. குற்றத்தைத் தடுக்கவோ துப்புத் துலக்கவோ தேவையென்றால், வாடிக்கையாளரைக் கேட்காமலே தரவைக் கொடுக்கவும் அது அனுமதிக்கிறது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம், மத்திய அரசுத் துறைகள் தங்களுக்குள் தகவலைக் கைமாற்றிக்கொள்ள வழி செய்கிறது. அதே ஆண்டு ஜூனில் தொடர்பு, பல்லூடக ஆணையம் கைப்பேசி நிறுவனங்களிடம் அழைப்புப் பதிவுகளைக் கேட்டது வெளியாகி எதிர்ப்பு எழுந்தது; புள்ளிவிவரத்துக்காக மட்டுமே, பெயர்கள் இல்லை என்றது ஆணையம். நம் பக்கம் ஊன்றிக்கொள்ள ஒரு தூணும் இருக்கிறது. சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2010இல், அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு சொல்லும் தனிமனித விடுதலைக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது.

திருடனைத் தேடப்போய் ஊரையே துழாவினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ உதாரணம். அங்கே நகர மின்நிறுவனம் பத்தாண்டுகளுக்கு மேலாக, கரண்டு அதிகம் செலவாகும் வீடுகளைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்து வந்தது. வீட்டுக்குள் கஞ்சா வளர்க்கிறார்களாம். அப்படிப் போன துப்புகள் 33,000க்கு மேல். வலையில் ஆசிய வம்சாவளியினரையே குறிவைத்தார்கள் என்பது வழக்குப் போட்டவர்களின் குற்றச்சாட்டு. உடல்நலக் குறைவால் மின்கருவிகளை நம்பி வாழ்ந்த ஒருவர் வீட்டு வாசலிலும் போலீஸ் வந்து நின்றது. 2025 நவம்பரில் நீதிமன்றம், குறிப்பிட்ட விசாரணை எதுவும் இல்லாமல் இப்படி மொத்தமாக அள்ளிக் கொடுப்பது மாநிலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் கைலோ வழக்கில், வெப்பக் கேமராவைத் தெருவிலிருந்து வீட்டின் மேல் திருப்பினாலே அது சோதனைதான், வாரண்டு வேண்டும் என்றது. நேப்பர்வில் நகர வழக்கில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்மார்ட் மீட்டர் கணக்கையும் சோதனை என்றே வகைப்படுத்தியது. கட்டணத்துக்காக நகராட்சி அதை எடுப்பது நியாயம், போலீஸ் கைக்குப் போனால் கதை வேறு என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

இதற்கிடையில் மிச்சமிருக்கும் லயங்களில் இன்று வங்காளதேசி, இந்தோனேசியர், நேப்பாளிதான் பெரும்பாலும். பல தோட்டங்களில் மின்சாரக் கணக்கு நிர்வாகத்தின் பெயரில் மொத்தமாக ஓடுகிறது. யார் எத்தனை மணிக்கு விளக்கைப் போட்டான் என்பது அந்தப் பெரிய மீட்டருக்குத் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட் கேட்டுக் குடிநுழைவுத் துறையினர் நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்து வரிசையில் நிற்க வேண்டும். பழைய முறை அவர்களுக்கு, புதிய முறை நமக்கு.

மின்திருட்டைக் கண்டறிய இன்னொரு வழியும் நடைமுறையில் இருக்கிறது: துணைமின் நிலையத்திலேயே மீட்டர் பொருத்தி, தெருவுக்குள் போன கரண்டையும் வீடுகள் கணக்குக் காட்டிய கரண்டையும் ஒப்பிடுவது. இரண்டும் ஒத்துப்போகிற தெருவில் எந்த வீட்டின் அரைமணிக் கணக்கையும் போலீஸ் கேட்க முகாந்திரமே இல்லை. ஒத்துப்போகாத தெருவில், எந்த வீட்டின் மேல் என்ன சந்தேகம் என்று எழுதி மாஜிஸ்திரேட்டிடம் வாரண்டு வாங்கட்டும். செண்டாயானிலிருந்து சிரம்பான் நீதிமன்றம் அப்படியொன்றும் தூரமில்லை, மீட்டர் அடுத்த கணக்கை அனுப்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.