நிமிடத்திற்கு ஒன்பதாயிரம் சுற்று

தையல் வகுப்பில் மெஷினை வேகமாக மிதித்தால் என்ன ஆகிறது? ஊசி படபடவென்று ஏறி இறங்குகிறது, மேசையே அதிர்கிறது, நூலும் அறுந்துவிடுகிறது. காரின் இஞ்சினுக்கும் இதே சங்கடம் உண்டு. அங்கே ஏறி இறங்குவது பிஸ்டன். அது கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றுகிறது.

சாதாரணக் கார்களின் இஞ்சின் பெரும்பாலும் நிமிடத்திற்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றோடு நின்றுவிடும். ஆனால் 1999-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட எஸ்2000 காரின் இஞ்சின் 9,000 சுற்று வரை ஓடியது. அதாவது நொடிக்கு 150 சுற்று! இது எப்படி இயன்றது என்று காண்போமா?

முதலாவது, எடை. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்ப வேண்டும். அதைத் திருப்பும் விசை, சுற்று இருமடங்கானால் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதைத் தாங்குவது கனெக்டிங் ராடு. அது முறிந்தால் இஞ்சினின் சுவரையே துளைத்துவிடும். தடிமனாகச் செய்யலாமே என்றால், எடை கூடும், விசையும் கூடும். ஆகவே எஸ்2000-இல் பிஸ்டனையும் ராடையும் உருக்கி வார்க்காமல், அழுத்தி அடித்து, இலேசாகவும் உறுதியாகவும் செய்தார்கள்.

இரண்டாவது, பிஸ்டன் செல்லும் தூரம். எஸ்2000-இல் அது 84 மி.மீ. 2004-இல் அமெரிக்காவுக்கான காரில் அதை 90.7 மி.மீ. ஆக்கினார்கள். உடனே சுற்றின் எல்லை சுமார் 8,000 ஆகக் குறைந்தது. ஏழு மில்லிமீட்டர்கூட இல்லாத நீளம் ஆயிரம் சுற்றை விலையாகக் கேட்டது! 2006-இல் 20,000 சுற்றை எட்டிய காஸ்வொர்த் பந்தய இஞ்சினில் அத்தூரம் சுமார் 40 மி.மீ. மட்டுமே.

மூன்றாவது, வால்வு. கேம் அதைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். வேகம் மிகும்போது ஸ்பிரிங் பின்தங்கிவிடும். மூடாத வால்வின்மேல் பிஸ்டன் மோதினால் அந்த நொடியே இஞ்சின் பாழ். எனவே வால்வு இலேசாகவும் ஸ்பிரிங் விறைப்பாகவும் இருக்க வேண்டும். 1986-இல் ரெனோ நிறுவனம் தன் பந்தய இஞ்சினில் இரும்பு ஸ்பிரிங்கையே நீக்கி, அழுத்திய வாயுவைக் கொண்டு வால்வை மூடச் செய்தது.

இத்தனை இருந்தும், எண்ணெய் இல்லையேல் எல்லாம் வீண். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின்மேல் படுவதில்லை. இடையில் உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. அது ஒரு கணம் அறுபட்டாலும் உலோகத்தோடு உலோகம் உரசி உருகத் தொடங்கும்.

வேகத்தைத் தாங்குவது முரட்டுப் பலம் அன்று என்று இப்போது தெரிகிறதல்லவா? வேண்டாத எடையைக் களைவதும், உரிய நேரத்தில் உரிய வேலையைச் செய்வதும், கண்ணில் படாத எண்ணெயுமே அதைத் தாங்குகின்றன. அடுத்த முறை மெஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடும்படி தையல் சிஸ்டர் சொன்னால், முணுமுணுக்காமல் விடுவோம்!