ஆணியின்றிக் கடல் கடந்த மரக்கலம்

1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அண்மையில் மூழ்கிக் கிடந்த பழங்கலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது, உலகின் கவனம் அதன் சரக்கின் மீதே குவிந்தது. சீனத்துத் தாங் வம்சக் காலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 60,000 மட்பாண்டங்கள் மீட்கப்பட்டன. ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த திகதி கி.பி. 826ஐக் குறித்தது. ஆயினும், அவற்றைச் சுமந்து சென்ற கலமே எம்மை அதிகம் ஈர்க்கின்றது. அது சீனக் கலமன்று; மேற்கு இந்து சமுத்திரக் கலம். அதன் பலகைகளில் ஆணிகளே இல்லை. அவை கயிற்றினால் தைத்து இணைக்கப்பட்டிருந்தன.

கடலடியிலுள்ள காந்தப் பாறைகள் ஆணிகளைக் கவர்ந்துவிடும் என்றொரு கதை இடைக்காலத்தில் உலவியது. அது கதையே. தைத்த கலம் அலை மோதுகையில் சற்று வளைந்து கொடுக்கும். பழுதடைந்த பலகையைத் தையல் பிரித்து மாற்றவும் முடியும். கப்பலோட்டிகளுக்கு இவையே போதிய காரணங்களாக இருந்திருக்கும். ஓமானியர் தென்னை வளரும் தீவுகளுக்குச் சென்று, அங்கேயே தும்பிலிருந்து கயிறு திரித்துக் கலம் கட்டியதாக 10ஆம் நூற்றாண்டின் அராபிய எழுத்தாளர் அபூ சைத் குறிப்பிடுகின்றார்.

கடலடியில் எஞ்சியது கலத்தின் கீழ்ப்பாகமே. பாய்மரம், பாய், சுக்கான் ஆகியவற்றின் அமைப்பை ஊகித்தே அறிய வேண்டியிருந்தது. ஊகம் சரியா என்பதைக் கடலிடமே கேட்க, 2008இல் ஓமானின் கந்தாப் கடற்கரையில் 18 மீற்றர் நீளமான மாதிரிக் கலம் கட்டத் தொடங்கினர். பலகைகளைத் தும்புக் கயிற்றினால் தைத்தனர். அடிப்புறத்தில் ஆட்டுக் கொழுப்பும் சுண்ணாம்பும் கலந்து பூசினர். ‘ஜுவல் ஒஃப் மஸ்கட்’ எனப் பெயரிடப்பட்ட அக்கலம் சிங்கப்பூருக்கு ஓமான் வழங்கிய அன்பளிப்பாகும்.

மூலக்கலத்தின் பொருட்கள் வர்த்தக நோக்கில் மீட்கப்பட்டமை பெரும் சர்ச்சைக்குள்ளானது. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் நடத்தவிருந்த கண்காட்சி 2011இல் கைவிடப்பட்டது. அந்த ஆட்சேபனை நியாயமானதே. நிதானமாக ஆராய்ந்திருப்பின், கலத்தைப் பற்றி மேலும் பல அறிந்திருக்கலாம்.

2010 பெப்ரவரி 16ஆம் திகதி மஸ்கட்டிலிருந்து மாதிரிக் கலம் புறப்பட்டது. கொச்சியைக் கடந்து எமது காலித் துறைமுகத்தை அடைந்தபோது தையல் உறுதியாகவே இருந்தது, பழுதடைந்தது பாய்மரம். இலங்கைத் தேக்கில் புதிய பாய்மரங்கள் செதுக்கி நாட்டப்பட்ட பின்னரே பயணம் தொடர்ந்தது. பினாங்கு வழியாகச் சென்று, ஜூலை 3ஆம் திகதி அக்கலம் சிங்கப்பூரை அடைந்தது.