பள்ளிவாசல்: ஒரு தொகைச்சொல்லின் வரலாறு

கல்முனை முஸ்லிம்களின் தமிழை அரபு கலந்த தமிழ் என மட்டும் கொள்வோர், அவர்கள் மஸ்ஜிதுக்கு வழங்கும் பெயரை நோக்குதல் வேண்டும். அது 'பள்ளிவாசல்' என்னும் தமிழ்த் தொகைச்சொல்லாகும்.

'பள்ளி' படுக்கையையும் துறவியர் உறைவிடத்தையும் குறித்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவினதான மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அது சமணர் பள்ளியைச் சுட்டுகின்றது. பின்னர் பௌத்தர் பள்ளியும் கல்விக்கூடமும் அப்பெயர் பெற்றன. 'வாசல்' என்பது 'வாயில்' என்பதன் திரிபு. வாயிலோ 'இல்வாய்' முன்பின்னாக மாறிய இலக்கணப்போலி. எனவே தொகைக்குள் தொகை அமைந்தது இச்சொல்.

தமிழ் முஸ்லிம்கள் சமணரும் பௌத்தரும் வழங்கிய சொல்லைத் தமதாக்கினர். தொழுகை, நோன்பு, பெருநாள் என்பனவும் தமிழ்ச் சொற்களே. தமிழ் எச்சமயத்தார்க்கும் தனியுடைமையன்று என்பதற்கு இச்சொற்களே சான்று என்போம்.